பெய்ஜிங் பிள்ளைகளுக்கான ஊர் இல்லையா?

2 ஏப்ரல் 2025, வாசகி ஒருவரின் கேள்வி

ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோட பெய்ஜிங் போகலாம்னு இருக்கோம். மகளுக்கு 8 வயசு, மகனுக்கு 4. மாமியாரும் வர்றாங்க, அவங்களுக்கு 68. விஷயத்தைச் சொன்னதும் அலுவலகத்துல எல்லாரும் ஒரே பாட்டு: "பெய்ஜிங்ல அரண்மனையும் சுவரும்தான் இருக்கு, பிள்ளைங்க அழுதே தீர்த்துடும், ஷாங்காய் டிஸ்னிலேண்டுக்குப் போங்க." அப்படியா? எனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ். மாமியாருக்கு இந்தியக் கடப்பிதழ், இங்க எங்களோடதான் இருக்காங்க. வீட்டில் சைவம், முட்டை உண்டு.

2 ஏப்ரல், இரவு, என் பதில்

அப்படி இல்லவே இல்லை. வேலை நிமித்தமா பெய்ஜிங்ல குடியிருந்தவள் நான். என் பெரியவன் ஓடப் பழகினதே அந்த ஊர்ப் பூங்காக்களில்தான். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக அதைவிட நல்ல பெருநகரம் எனக்குத் தெரியாது.

ஆனா சுற்றுலா நிறுவனங்கள் போடுற அட்டவணையை நம்பிப் போகாதீங்க. காலையில பேரரண்மனை ('தடைசெய்யப்பட்ட நகரம்'னு சொல்வாங்களே, அதுதான்), மதியம் சொர்க்கக் கோயில், சாயங்காலம் கோடை அரண்மனைன்னு ஒரே நாளில் அடைச்சு வெச்சிருப்பாங்க. நடுவுல பட்டுக்கடை, பச்சைக்கல் கடைன்னு வண்டி நிக்கும். பெரியவங்களே படுத்துடுவாங்க. உங்க அலுவலகத்தில் சொன்ன அழுகையெல்லாம் இப்படிப் போய்ட்டு வந்தவங்க வீட்டு அழுகையா இருக்கும்.

நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும், அதுவும் காலையில. மதியம் அறைக்கு வந்து தூக்கம். சாயங்காலம் பூங்கா. ஜூன்ல வெளிச்சம் போக ராத்திரி எட்டு மணி ஆயிடும், சாயங்காலமே அங்க ரொம்ப நீளம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. மத்ததெல்லாம் வளைச்சுக்கலாம்.

3 ஏப்ரல்

முதல் வேலை மாமியாரோட விசா. 9 பிப்ரவரி 2024-லேர்ந்து சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, அதனால உங்க நாலு பேருக்கும் கவலை இல்லை. இந்தியக் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசா எடுத்தே ஆகணும். இடையில் தங்கிப் போறவங்களுக்கு 240 மணி நேரம் விசா இல்லாமல் அனுமதின்னு ஒரு திட்டம் இருக்கு, பல பேர் அதை நம்பி டிக்கெட் போடுறாங்க. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. மாமியார் வசிக்கிறது சிங்கப்பூர்ங்கிறதால இங்க இருக்கிற சீன விசா மையத்திலேயே கேளுங்க. விசா கைக்கு வர்ற வரைக்கும் விமானம், ஹோட்டல் ரெண்டும் ரத்து செய்யக்கூடிய பதிவாவே இருக்கட்டும்.

அடுத்தது தேதி. நம்ம விடுமுறை 31 மே தொடங்குது. அதே நாள்தான் சீனாவில் டிராகன் படகுத் திருவிழா, அங்கேயும் 2 ஜூன் வரை விடுமுறை. அந்த மூணு நாளும் பெருஞ்சுவர்ல சுவர் தெரியாது, தலைதான் தெரியும். 3 ஜூனுக்கு அப்புறம் போய் இறங்குங்க. அங்க பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட ஜூலை ஆகும், அதனால ஜூன் நடுவுல போறவங்களுக்குக் கூட்டம் கொஞ்சம் குறைவு. 7 ஜூன் முதல் அவங்க பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. தேர்வு நடக்கிற பள்ளிகள் பக்கம் தெருவே அடங்கி இருக்கும், கார்க்காரர்கள் ஹாரன் அடிக்க மாட்டாங்க. வாசலில் பூங்கொத்தோட நிக்கிற அம்மா அப்பாக்களைப் பாருங்க. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருஷம் நம்ம வீடுகள் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த முகங்கள் நல்லாப் புரியும்.

6 ஏப்ரல்

பேரரண்மனையைப் பத்தி நிறையச் சொல்லணும்.

நுழைவுச்சீட்டு இணையத்தில் முன்பதிவு செஞ்சாத்தான். 7 நாளுக்கு முன்னாடி, பெய்ஜிங் நேரம் ராத்திரி 8 மணிக்குத் திறப்பாங்க. நமக்கும் அதே நேரம்தான், வசதி. ஆளுக்கொரு கடப்பிதழ் எண் போடணும், 4 வயசுக்காரன் உள்பட. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெரியவங்களுக்கு 60 யுவான். திங்கட்கிழமை மூடியிருக்கும். தியானன்மென் சதுக்கத்துக்கும் தனியா முன்பதிவு வேணும், இதை மறந்துட்டுப் போய்த் திரும்பி வர்றவங்க ஏராளம்.

சதுக்கத்துப் பாதுகாப்பு வரிசையில் 4 வயசுப் பிள்ளையை நிக்க வைக்கிறது பாவம். அரண்மனைச் சீட்டு இருந்தா கிழக்குப் பக்கம் டோங்ஹுவாமென் வாசல் வழியா அகழி ஓரமாவே நடந்து தெற்கு வாசலுக்கு வந்துடலாம். மரநிழல், தண்ணீர், கூட்டம் குறைவு. உள்ளே போறது தெற்கு வாசல் ஒண்ணு மட்டும்தான். நடை முழுக்கத் தெற்கிலிருந்து வடக்கே.

உள்ளே பெரிய முற்றங்களில் ஒரு மரம் கிடையாது. வடகோடியில் இருக்கிற தோட்டம் வரைக்கும் வெயில்தான். வாசப்படி எல்லாம் நம்ம ஊர்ப் பழைய வீட்டு நிலைப்படி மாதிரி உயரமா இருக்கும், தள்ளுவண்டியை ஒவ்வொண்ணுக்கும் தூக்கணும். மகனுக்கு 4 வயசுன்னா வண்டியை விட்டுட்டு, கொஞ்ச நேரம் முதுகில் சுமக்கத் தயாரா போங்க.

பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல வேண்டாம், எண்ண விடுங்க. வாசல் கதவுகளில் முஷ்டி அளவு பொன்னிறக் குமிழ்கள் வரிசையா இருக்கும். ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது, மொத்தம் 81. டோங்ஹுவாமென் கதவில் மட்டும் எட்டு வரிசை, 72. ஏன் குறையுதுன்னு அறிஞர்களே பல விதமா சொல்றாங்க, உங்க மகள் ஒரு கதை சொல்லட்டும். கூரை முனையில் சின்னச் சின்ன மிருகங்கள் வரிசையா உட்கார்ந்திருக்கும். கட்டடம் எவ்வளவு உசத்தியோ அவ்வளவு மிருகம். அரியணை இருக்கிற தாய்ஹெதியென் மண்டபத்துக் கூரையில் 10, அத்தனை வேற எந்தக் கட்டடத்திலும் இல்லை. என் பெரியவன் இந்த ஒரு விளையாட்டில் தெற்கு வாசலிலிருந்து வடக்கு வாசல் வரைக்கும் முனகாமல் நடந்தான்.

மூணு பெரிய மண்டபங்களையும் தாண்டிப் பின்பக்கம் இறங்குற படிக்கட்டு நடுவுல ஒரே கல்லில் செதுக்கின டிராகன் பாளம் இருக்கு. 16 மீட்டருக்கு மேல நீளம், 200 டன்னுக்கு மேல எடை. இதை எப்படிக் கொண்டு வந்தாங்கன்னு பிள்ளைகளைக் கேளுங்க. குளிர்காலத்தில் வழி நெடுகக் கிணறு வெட்டி, தண்ணியைத் தரையில் ஊத்தி உறைய வெச்சு, பனிப்பாதையில் இழுத்துட்டு வந்தாங்க. 8 வயசுக்கு இந்தப் பதில் போதும், அந்தக் கல்லை மறக்கவே மாட்டா.

புதையல் காட்சிக்கூடத்துக்கு 10 யுவான் கூடுதல். அதில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டின ஒன்பது டிராகன் சுவர் இருக்கு, பளபளக்கிற ஓடுகளால ஆனது. ஒரு வெள்ளை டிராகனோட வயித்துல மட்டும் ஒரு துண்டு ஓடு இல்லை, மரம். வேலைக்காரர் ஒருத்தர் ஓட்டை உடைச்சுட்டு, அரசருக்குத் தெரியாம மரத்தைச் செதுக்கி வண்ணம் அடிச்சு வெச்சார்னு கதை. வண்ணம் இப்போ மங்கிப்போச்சு, உத்துப் பார்த்தா கண்டுபிடிச்சுடலாம். முதல்ல கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஐஸ்கிரீம்னு சொல்லிடுங்க.

வடக்கு வாசலுக்கு எதிரேயே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டின மண்ணில் எழுப்பினது, நுழைவு 2 யுவான். எல்லாரும் அதே நாளில் ஏறச் சொல்றாங்க, நான் சொல்ல மாட்டேன். வேற ஒரு நாள் சாயங்காலம் ஏறுங்க. மஞ்சள் கூரைகள் முழுக்கக் கீழே விரிஞ்சு கிடக்கும், தாங்கள் நடந்த வாசல்களைப் பிள்ளைகளே விரல் நீட்டிச் சொல்வாங்க.

13 ஏப்ரல்

செய்தி பார்த்திருப்பீங்க. நேத்திலிருந்து பெய்ஜிங்ல சூறைக்காற்று, ஆரஞ்சு எச்சரிக்கை, நூத்துக்கணக்கில் விமானங்கள் ரத்து, பூங்காக்களும் யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காவும் மூடல். ஐம்பது கிலோவுக்குக் குறைஞ்சவங்களைக் காத்து தூக்கிட்டுப் போயிடும்னு அங்க எச்சரிச்சாங்களாம். அதைப் படிச்சதும் என் சின்னவள் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்னுட்டா.

இது வசந்தகாலத்து வம்பு, ஜூன்ல இப்படி வர்றது அரிது. வசந்தத்தில் மணல்காற்று, ஏப்ரல் மே-யில் பாப்லர் மரத்துப் பஞ்சு மூக்கெல்லாம். ஜூன்ல எதிரி வெயில்தான். 2023 ஜூன் 22 அன்னிக்கு 41.1 டிகிரி. நமக்கு வெயில் பழக்கம்னு நினைக்காதீங்க. அது வறண்ட வெயில், வியர்வை தெரியாது, பிள்ளை தண்ணி கேக்காது, திடீர்னு வாடிடும். கேக்குறதுக்கு முன்னாடியே குடிக்கக் கொடுங்க.

காத்து மாசு பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. நுண்துகள் அளவு 2013-ல் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2024-ல் 30.5. நாங்க அங்க இருந்தப்போ காலையில் எழுந்ததும் முதல் வேலை அந்த எண்ணைப் பாக்கிறதுதான். இப்போ ஜூன்ல அதுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைன்னா மருத்துவரைக் கேட்டுட்டுப் போங்க.

14 ஏப்ரல்

தள்ளுவண்டி வேண்டாம்னு சொன்னது அரண்மனைக்கு மட்டும். பூங்காக்களுக்கு மடக்கு வண்டி அவசியம், 4 வயசா இருந்தாலும்.

20 ஏப்ரல்

பெருஞ்சுவர். அதில் முதியான்யூங்கிற பகுதிக்குப் போங்க. ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், பிள்ளைகளோடன்னா ஒரு நாளைக்கு வண்டி பேசிக்கிறதே நிம்மதி. சீக்கிரம் கிளம்பினா மதியத்துக்குள்ள திரும்பிடலாம்.

அங்க மேலே போக ரெண்டு ஏற்பாடு, ரெண்டும் வேற வேற நிறுவனம், ஒருத்தர் சீட்டு இன்னொருத்தர்கிட்ட செல்லாது. மூடின கேபிள் கார் 14-ஆம் கோபுரத்துக்குப் போகும். திறந்த நாற்காலித் தூக்கி 6-ஆம் கோபுரத்துக்குப் போகும், அங்கிருந்து கீழே வர உலோகக் கால்வாயில் சறுக்கு வண்டி. பிள்ளைகளுக்குப் பெருஞ்சுவர்னா இந்தச் சறுக்குதான். சின்னவன் பெரியவங்க மடியில் உட்கார்ந்து வரலாம். வயசானவங்களை அதில் ஏத்துறதில்லை.

அதனால ரெண்டு அணியாப் பிரிஞ்சுக்குங்க. ஒருத்தர் மாமியாரோட கேபிள் காரில் போய், 14-ல் நிதானமா நின்னு பார்த்துட்டு அதே காரில் இறங்கட்டும். இன்னொருத்தர் பிள்ளைகளோட 6-க்குப் போய்ச் சறுக்கட்டும். மேலே சந்திச்சுக்கலாம்னு திட்டம் போடாதீங்க, நடுவில் இருக்கிற ஏத்த இறக்கம் சின்னக் கால்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கீழே கடைத்தெருவில் சந்திங்க.

படிகள் ஒரே உயரம் இல்லை. ஒண்ணு கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. இறங்கும்போது பிள்ளையோட கையைப் பிடிக்கிறதைவிட அதுக்கு ஒரு படி கீழே நீங்க நிக்கிறது பாதுகாப்பு.

22 ஏப்ரல்

"பாதாலிங் சுவர்ப் பகுதியில் கூட்டம்னு எல்லாரும் ஒதுக்குறாங்களே, உங்க கருத்தும் அதானா?"ன்னு ஒருத்தர் கேட்டதிலிருந்து யோசிச்சுட்டு இருக்கேன். இந்தக் குடும்பத்துக்கு முதியான்யூ சரி. ஆனா மூட்டுவலி இருக்கிற பெரியவங்க ரெண்டு பேர், கைக்குழந்தை ஒண்ணுன்னு போறவங்களுக்கு நான் பாதாலிங்தான் சொல்வேன். 2019 டிசம்பர்லேர்ந்து அதிவேக ரயில் சுவருக்கு அடியிலேயே நிக்குது. நிலையம் தரைக்குக் கீழே 102 மீட்டர் ஆழத்தில், மலையைக் குடைஞ்சு கட்டினது. ரயில் பைத்தியம் பிடிச்ச பிள்ளைக்குச் சுவரைவிட அந்த நகரும் படிக்கட்டுதான் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல காரில் குலுங்கி வாந்தி எடுக்கிற பிள்ளைக்கும் அது வரம். வார நாளில், முதல் ரயில்களில் போகணும், அவ்வளவுதான்.

27 ஏப்ரல்

சாப்பாடு. முட்டை உண்டுன்னா பாதி சிரமம் தீர்ந்தது.

காலையில் தெருமுனையில் ஜியென்பிங் போடுவாங்க. வட்டக்கல்லில் பச்சைப்பயறு மாவை மரப்பலகையால் இழுத்து, மேலே முட்டையை உடைச்சுப் பரப்பி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, எள் தூவி, திருப்பிப் போட்டு, கருஞ்சாந்து தடவி, மொறுமொறுன்னு பொரிச்ச ஒரு தகட்டை நடுவில் வெச்சு மடிச்சுத் தருவாங்க. முட்டை தோசைக்குச் சித்தப்பா பிள்ளை. காரம் வேண்டாம்னு கைகாட்டிடுங்க, தொத்திறைச்சி வைக்கவான்னு கேப்பாங்க, அதுக்கும் தலையாட்டிடுங்க. மாவில் எது கலந்திருக்குன்னு கவலைப்படுற மாமியாருக்கு எதிரிலேயே சுடுறதால சமாதானம் ஆயிடும்.

சின்ன உணவகங்களில் தக்காளி முட்டை வறுவல் எங்கேயும் கிடைக்கும், சோத்தோட பிசைஞ்சா எந்தப் பிள்ளையும் சாப்பிடும். உருளை, கத்தரி, குடைமிளகாய் மூணும் சேர்ந்த 'தீசன்சியென்' வடகிழக்குச் சீனாவோட வீட்டுச் சமையல். அடிச்சு நசுக்கின வெள்ளரிக்காய், பூண்டுக் கீரை, ஆவியில் வேகவெச்ச வெறும் மாந்தோ ரொட்டி. கவனிக்க வேண்டியது தோஃபு. பேர் சைவமா இருக்கும், மேலே கொத்துப் பன்றிக்கறி தூவியிருப்பாங்க. பீன்ஸ் வறுவலும் அப்படித்தான். "வோ ச்ஷ் சூ" (நான் சைவம்) எல்லாரும் பழகிக்குங்க. கூடவே "ரோ இல்லை, மோ இல்லை"ன்னு சீனத்தில் எழுதின ஒரு படம் கைப்பேசியில் இருக்கட்டும். அதாவது கறித்துண்டும் வேண்டாம், கொத்துக்கறியும் வேண்டாம். 'இறைச்சி இல்லை'ன்னு மட்டும் சொன்னா கொத்துக்கறியைக் கணக்கில் எடுக்காத சமையல்காரர்கள் இருக்காங்க.

யோங்ஹகோங் லாமா கோயில் பக்கம் பௌத்தச் சைவ உணவகங்கள் இருக்கு. கோயிலுக்கும் மாமியாரைக் கூட்டிட்டுப் போங்க. உள்ளே ஒரே சந்தன மரத்தில் செதுக்கின மைத்ரேயர், தரைக்கு மேலே 18 மீட்டர். ஊதுபத்தி வாசலிலேயே இலவசமாத் தர்றாங்க. வெளியில் கடைக்காரர்கள் கூப்பிடுறதுக்குப் போக வேண்டாம்.

ஹலால் கேட்டவருக்கு: நியூஜியே தெரு. 996-ல் தொடங்கின பள்ளிவாசல் அங்க இருக்கு, சீனக் கோயில் மாதிரிக் கூரை, உள்ளே அரபு எழுத்து. தெரு நெடுக ஆட்டுக்கறி, எள் ரொட்டி, ஒட்டரிசி இனிப்பு. நகரம் முழுக்கவும் பச்சைப் பலகையில் ஹலால் அடையாளம் போட்ட நூடுல்ஸ் கடைகள் உண்டு.

30 ஏப்ரல்

கைப்பேசி. பணம் கட்டுற செயலிகளான அலிபே, வீசாட் ரெண்டையும் சிங்கப்பூர்லேயே பதிவிறக்கி, கடப்பிதழ் சரிபார்ப்பு முடிச்சு, கடன் அட்டையை இணைச்சுடுங்க. அங்க போய்க் குறுஞ்செய்தி எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். 200 யுவானுக்குள்ள கட்டணம் இல்லை, மேலே போனா 3 விழுக்காடு. கணவரும் நீங்களும் ஆளுக்கொரு கணக்கு வெச்சுக்குங்க. பிள்ளைகளோட ஒருத்தர் கழிப்பறை வரிசையில், இன்னொருத்தர் கடை வரிசையில்னு பிரியுறப்போ ஒருத்தர் கைப்பேசியில் மட்டும் பணம் இருந்தா தவிச்சுடுவீங்க. மாமியார் கையில் கொஞ்சம் நோட்டு கொடுத்து வைங்க.

வாட்ஸாப், கூகள், யூடியூப் எதுவும் அங்குள்ள இணையத்தில் திறக்காது, ஹோட்டல் வைஃபையிலும்தான். சிங்கப்பூர் சிம்மில் ரோமிங் போட்டா எல்லாம் வேலை செய்யும். சின்னவனுக்குச் சாப்பாட்டு நேரத்துப் படம் வேணும்னா முன்னாடியே இறக்கி வெச்சுடுங்க.

5 மே

போக்குவரத்து. சுரங்க ரயிலில் 1.3 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இலவசம், பெரியவங்களோட போனா. குறைஞ்ச கட்டணம் 3 யுவான். ஆனா அதிவேக ரயிலில் உயரம் பேச்சே இல்லை, 2023-லேர்ந்து வயசுதான் கணக்கு: 6 வயசுக்குள்ள தனி இருக்கை இல்லாமல் இலவசம், 6 முதல் 14 வரைக்கும் சலுகைச் சீட்டு. உங்க மகளுக்கு ரெண்டு இடத்திலும் ரெண்டு விதி.

ஒவ்வொரு நிலையத்திலும் பையை இயந்திரத்தில் போடணும், தண்ணிப் புட்டியை நீட்டச் சொல்வாங்க. பிள்ளையோட சின்னப் பையும் போகணும். இதுக்கெல்லாம் நேரம் ஆகும். வரைபடத்தில் 25 நிமிஷம்னா 45-ன்னு வெச்சுக்குங்க. 1, 2-ஆம் தடங்கள் பழசு, மின்தூக்கி தேடணும், படி ஏறணும். டாக்சியில் குழந்தை இருக்கை இருக்காது.

ஹோட்டலைக் கிழக்கே டோங்ஸி, டெங்ஷிகோ பக்கம் பாருங்க. 5, 6-ஆம் தடங்கள் பக்கம், அரண்மனை கிட்ட, சந்துகளில் காலையில் நடக்கலாம். அஞ்சு மணிக்கே விடிஞ்சுடும், கனமான திரைச்சீலை இருக்கான்னு விமர்சனங்களில் பார்த்துக்குங்க. இல்லேன்னா விடியும்போதே சின்னவன் உங்க நெஞ்சு மேல உட்கார்ந்திருப்பான்.

கழிப்பறை: குந்துற வகைதான் பெரும்பாலும். சந்துக்குச் சந்து பொதுக் கழிப்பறை இருக்கு. காகிதம் கையில் இருக்கணும். மேற்கத்திய இருக்கையில் மட்டுமே பழகின பிள்ளைன்னா போறதுக்கு முன்னாடி வீட்டில் கொஞ்சம் பழக்கிடுங்க.

12 மே

பூங்காவைப் பத்தி எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், எனக்கு அதுதான் பெய்ஜிங்.

சொர்க்கக் கோயில் பூங்காவுக்குக் காலை ஏழு மணிக்குப் போங்க. 1420-ல் கட்டி, 1889-ல் எரிஞ்சதும் மறுபடி எழுப்பின நீலக்கூரை மண்டபம் எங்கேயும் போயிடாது, அதை அப்புறம் பார்க்கலாம். கிழக்கு வாசலிலிருந்து போற நீள நடைகூடத்தில் ஊரின் தாத்தா பாட்டிகள் எல்லாரும் இருப்பாங்க. சீட்டு, சதுரங்கம், பின்னல், சேர்ந்து பாட்டு. ஒருத்தர் வாளித் தண்ணியில் ஆளுயரத் தூரிகையைத் தோய்ச்சுத் தரையில் எழுதுவார். கடைசி எழுத்துக்கு வர்றப்போ முதல் எழுத்து காய்ஞ்சு போயிருக்கும். பிள்ளைகள் கேட்டா தூரிகையைக் கொடுப்பாங்க.

ஜியென்ஸுன்னு ஒரு விளையாட்டு. இரும்பு வளையங்கள் அடுக்கின அடிப்பாகம், மேலே நாலு வண்ண இறகு, அதைக் கையே படாமல் காலால் தட்டித் தட்டி வட்டமா நிக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பணும். என் பெரியவனுக்கு எழுபது தாண்டின ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்தாங்க. மொழி தேவைப்படலை. அவன் பாதத்தைக் கையால் பிடிச்சு உள்பக்கமாத் திருப்பி, கணுக்காலைத் தட்டிக் காட்டினாங்க: இங்க. அவன் காலில் முதல் தடவை இறகு எழும்பினதும் வட்டமே கைதட்டிச்சு. வாசலில் சில யுவானுக்கு ஒண்ணு வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்க, அடுத்த அரை மணி நேரம் உங்க பிள்ளைக்கு ஆசிரியர்கள் கிடைச்சுடுவாங்க.

இதோட சேர்ந்து வர்ற ரெண்டு விஷயத்தையும் சொல்லணும். பாட்டிகள் உங்களைத் திட்டுவாங்க. பிள்ளைக்கு வயிறு தெரியுது, குளிர்ந்த தண்ணி கொடுக்கிறியேன்னு. முகம் கடுகடுன்னு இருக்கும், கை மட்டும் பிள்ளையோட சட்டையை இழுத்து விட்டுட்டு இருக்கும். மத்தது புகைப்படம். நம்ம நிறமும் கண்ணும் பிள்ளைகளின் சுருட்டை முடியும் அங்க அரிது. வெளியூரிலிருந்து பெய்ஜிங் பார்க்க வந்த சீனக் குடும்பங்கள் சேர்ந்து படம் எடுக்கக் கேப்பாங்க, சிலர் கேக்காமலே எடுப்பாங்க. மகளோட முன்னாடியே பேசிடுங்க. விருப்பம்னா நிக்கட்டும். வேண்டாம்னா "பூ யாவ்"னு சொல்லிக் கையசைச்சுட்டு நடக்கட்டும். மரியாதைக்காகப் பிள்ளையை நிக்க வைக்காதீங்க. பெரும்பாலானவங்க சிரிச்சுட்டு விலகிடுவாங்க.

சாயங்காலத்துக்குப் பெய்ஹாய். ஏரி, மிதிபடகு, தீவில் 1651-ல் எழுப்பின வெள்ளைத் தாதுகோபுரம். கோடை அரண்மனைக்கு ஒரு முழுக் காலை கொடுங்க. 728 மீட்டர் நடைகூடம் முழுக்க உத்தரங்களில் ஓவியம், குரங்கு எங்கேன்னு தேடிட்டே நடக்கலாம், அங்க வெயில் படாது. மாமியாருக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

18 மே

யுனிவர்சல் கேட்டவங்களுக்கு. சிங்கப்பூரிலேயே ஒண்ணு இருக்கே, அதுக்கு ஒரு நாளைச் செலவு பண்ணணுமான்னு முதல்ல தோணுச்சு. என் பெரியவன்கிட்ட கேட்டேன். 12 வயசு அவனுக்கு. "அம்மா, அது செந்தோசாவில் இருக்கிறது மாதிரி இல்லை, பெருசு"ன்னு ஒரே பிடிவாதம். சரி, பத்து வயசுக்கு மேலன்னா கொடுங்க ஒரு நாள். 2021-ல் திறந்தது, 1-ஆம் தடம் நேரா போகும். உங்க 8-க்கும் 4-க்கும் ஒலிம்பிக் பூங்கா பக்கத்து அறிவியல் அருங்காட்சியகம் போதும், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கூடமே இருக்கு. அதுவும் திங்களில் மூடல். திங்கட்கிழமையைப் பூங்காவுக்கோ சுவருக்கோ ஒதுக்கிடுங்க.

ஷாங்காயா பெய்ஜிங்காங்கிற சண்டையில் நான் இறங்க மாட்டேன். ரெண்டும் வேணும்னா அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம்தான். ஆனா ஒரு வாரத்துக்குள்ள ரெண்டையும் திணிக்காதீங்க.

25 மே

கொஞ்சம் வேற பக்கம். என் மாமனார் ஊரில் இருந்தப்போ சிற்றலையில் பெய்ஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை விடாம கேட்டவர். 1963-ல் தொடங்கினது அது. சீனர்களே தமிழ் படிச்சுத் தமிழ்ப் பேர் வெச்சுக்கிட்டு அந்த வானொலியில் பேசினாங்க. கடிதம் போட்டா பதிலோட நாள்காட்டி வரும். அவர் பெய்ஜிங் வந்தப்போ அரண்மனையைவிட அந்த வானொலிக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கணும்னார். கூட்டிட்டுப் போனோம், வாசலில் நின்னு படம் எடுத்துக்கிட்டார். உங்க மாமியார் காலத்து ஆட்கள் பலர் அதைக் கேட்டு வளர்ந்தவங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க, அட்டவணையில் அவங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும்.

9 ஜூன்

செவ்வாய்க்கிழமை அரண்மனைச் சீட்டு கிடைக்கலைன்னு எழுதியிருந்தீங்க. ஏமாத்தமா இருக்கும், தெரியும். ரத்தாகிற சீட்டு அப்பப்போ திரும்ப வரும், காலையிலும் ராத்திரியிலும் திறந்து பாருங்க. கிடைக்கலேன்னாலும் விட்டுட வேண்டாம். அகழி ஓரமா சாயங்காலம் ஒரு சுத்து, மூலைக் கோபுரம் தண்ணியில் தெரியும். அப்படியே ஜிங்ஷான் ஏறுங்க. அரண்மனைக்குத் தென்கிழக்கில் ஒட்டினாப்போல அரச மூதாதையர் கோயில் இருக்கு. அதே சிவப்புச் சுவர், அதே மஞ்சள் கூரை, ஓடி விளையாட இடம், பழங்காலத்து மரங்கள். 4 வயசுக்கு அரண்மனையைவிட அது நல்லது.

பையனுக்குக் காய்ச்சல்னு எழுதினதுக்கு: வெயில்ல இறக்காதீங்க, கொண்டு போன மருந்தைக் கொடுத்து இன்னிக்கு அறையிலேயே இருங்க. நாளைக்கும் குறையலேன்னா ஹோட்டல் வரவேற்பில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்க, கடப்பிதழைக் கையில் எடுத்துக்குங்க, ரசீது எல்லாம் காப்புறுதிக்கு வேணும்.

11 ஜூன்

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. முதியான்யூவை வெள்ளிக்குத் தள்ளினது சரி. சனி, ஞாயிறு வேண்டாம்.

28 ஜூன்

அடுத்து போறவங்க கவனத்துக்கு. இன்னிக்கு முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்கை எடுத்துட்டுப் போக முடியாது. சிங்கப்பூரில் வாங்கினதில் பலவற்றில் அந்த முத்திரை இருக்காது. பெய்ஜிங்கில் இறங்கி அங்கிருந்து சியானுக்கோ செங்டுவுக்கோ பறக்கிறவங்க, பாதுகாப்பு வாசலில் அதை விட்டுட்டுப் போக வேண்டியிருக்கும். ஒண்ணு அங்கேயே முத்திரை உள்ளதா வாங்குங்க, இல்லேன்னா ரயிலில் போங்க, இந்த விதி விமானத்துக்குத்தான். பிள்ளைகளோடன்னா சியானுக்கு ரயில்தான் என் பரிந்துரை. எழுந்து நடக்கலாம், பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாய் இருக்கு, பால்மாவு கலக்க யாரையும் கேக்க வேண்டாம்.